மெட்டுத்தெருவின் இரண்டு சாவிகள்

ஜனக்புரி,
9 அக்டோபர் 2003

அன்புள்ள திரு. ரெஜின் அவர்களுக்கு,

வணக்கம். உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருந்தால் நன்றி. "இனி உங்கள் மின்னஞ்சல் வந்தால் படிக்காமலே அழிப்பேன்" என்று ஊரறிய எழுதியவர் நீங்கள். அதனால்தான் தபால். இதை அழிக்கக் கொஞ்சமாவது மெனக்கெட வேண்டும்.

விஷயம் இதுதான். மெட்டுத்தெருவுக்கு இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்திருந்த நிறுவனம் இந்த வருஷக் கடைசியோடு கடையை மூடுகிறது. டிசம்பர் 31-க்குள் எடுத்துக்கொள்ளாததெல்லாம் அழிந்துவிடும். உங்களுக்கும் அறிவிப்பு வந்திருக்கும். பாட்டுகள் இருக்கும் தளம் உங்கள் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல்லும் உங்களிடம்தான். என்னிடம் இருப்பது அஞ்சல் குழுவின் கடவுச்சொல் மட்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். இப்போது அதுவே வினையாக நிற்கிறது.

உங்களுக்கு நினைவிருக்கும். மெட்டு வைத்திருப்பவருக்கு வரி கிடைப்பதில்லை, வரி வைத்திருப்பவருக்கு மெட்டு கிடைப்பதில்லை, இரண்டு பேரும் ஒரே தெருவில் குடியிருந்தால் என்ன என்று கரோல் பாகில் அந்த இட்லிக் கடையில் உட்கார்ந்து பேசி ஆரம்பித்தோம். கோவில்பட்டி நல்லசிவம் ஐயாவும் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஜூலியாவும் முகம் பார்க்காமலே சேர்ந்து எத்தனை பாட்டு செய்தார்கள்! அதெல்லாம் அந்தத் தளத்தில்தான் கிடக்கிறது. வேறு பிரதி எங்கும் இல்லை.

தெருவில் ஆள் நடமாட்டம் நின்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பழைய சண்டையைப் பேச நான் எழுதவில்லை. கடவுச்சொல்லை அனுப்புங்கள் போதும். பாட்டுகளை நானே இறக்கி வைத்துக்கொள்கிறேன். முடிந்தால் தெருவை மறுபடி திறக்கவும் ஆசை. அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்பதும் தெரியும்.

இப்படிக்கு,
மாதங்கி


கரோல் பாக்,
17 அக்டோபர் 2003

மாதங்கி மேடம்,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தபால்காரர் சேற்றில் நடந்து, என் மொட்டைமாடி அறை வரை ஏறி வந்து கொடுத்ததைக் கிழிக்க மனம் வரவில்லை.

கடவுச்சொல் தர மாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய சண்டையைப் பேச வேண்டாம் என்கிறீர்கள். உங்களுக்கு அது பழையது. வடிவு என்ற பெண் ஒரு மெட்டுப் போட்டாள். நான் வரி எழுதினேன். "அலையே அலையே திரும்பாதே, ஆளில்லாத கரை இது" என்று. தெருவே கொண்டாடியது. மூன்றாம் நாள் புனேயிலிருந்து பத்ரி எழுதினார்: "இது நான் போன வருஷம் போட்ட மெட்டு. திருட்டு." அவ்வளவுதான். நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? "விசாரணை முடியும்வரை நீக்கப்படுகிறது" என்று குழுவிலிருந்து மெட்டைத் தூக்கிவிட்டீர்கள். பத்ரி சபாவில் பாடுகிறவர், சங்கீதக் குடும்பம், கம்ப்யூட்டர் படிப்பு. அவள் யார்? ஸ்வரம் எழுதத் தெரியாமல் டேப்பில் முனகி அனுப்புகிறவள். யார் சொல் எடுபடும் என்று எனக்குத் தெரியாதா?

நான் கத்தினேன். உண்மைதான். மற்றவர்களும் கட்சி பிரிந்து கத்தினார்கள். அதன் நடுவில் அவளிடமிருந்து கடைசியாக ஓர் அஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள். "என்னால் எல்லாருக்கும் தொல்லை. இனிமேல் முடியாது. போகிறேன்." அவ்வளவுதான். அதன் பிறகு அவளுடைய முகவரிக்கு எழுதிய எதற்கும் பதில் இல்லை. எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் நான் தளத்தைப் பூட்டினேன்.

அவள் என்ன ஆனாள் என்று தெரியாமல் அந்தத் தெருவைத் திறந்து, வாருங்கள் பாடலாம் என்று கூப்பிட என்னால் முடியாது. அழிந்தால் அழியட்டும்.

ரெஜின்


ஜனக்புரி,
23 அக்டோபர் 2003

ரெஜின்,

நாளை மறுநாள் தீபாவளி. வீட்டில் முறுக்கு பிழிய வேண்டியவள் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஷங்கர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு, அந்த எக்ஸ்ரே ரெஜினுக்கா? நன்னா திட்டி எழுது" என்றார். மகள் எதுவும் கேட்கவில்லை. டில்லியில் பிறந்தவள், தமிழ் படிக்க வராது. ஆகவே மேஜையிலேயே வைத்து எழுதலாம்.

திட்டப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பத்ரி என் உறவும் இல்லை, நண்பரும் இல்லை. அவர் சபாவில் பாடுகிறவர் என்பதே நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். மெட்டை நீக்காமல் விட்டிருந்தால் தெருவில் ஒவ்வொருத்தரும் அதன் கீழே "திருடி" என்று எழுதியிருப்பார்கள். அன்று காலையிலேயே இரண்டு பேர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கண்ணில் படுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். பேங்கில் கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது நடுவில் ஓடிப்போய்ச் செய்த காரியம். விளக்கம் எழுத அவகாசம் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்தால் என்னை "ஜனக்புரி மகாராணி" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்புறம் விளக்கம் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அந்த அஞ்சலை நானும்தான் படித்தேன். "போகிறேன்" என்றால் எங்கே? எத்தனை முறை அந்த மூன்று வரியையும் படித்திருப்பேன்! அதற்கப்புறம் நான் ஹார்மோனியத்தைத் திறக்கவில்லை. மகள் பள்ளி விழாவுக்கு ஒரு மெட்டுக் கேட்டபோதுகூட, நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவளைத் தேடலாம். எப்படி என்றுதான் தெரியவில்லை. குழுவில் இருந்த அந்த மெட்டை நான் நீக்கிவிட்டேன். தளத்தில் ஒரு பிரதி இருக்கும். உங்களைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்து கேட்க முடியாது. ஊர்ப் பெயரோ, வீட்டில் யாராவது பேசுவதோ, அதில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கடவுச்சொல்லை எனக்குத் தர வேண்டாம். நீங்களே கேளுங்கள்.

மாதங்கி


கரோல் பாக்,
3 நவம்பர் 2003

மாதங்கி மேடம்,

நீங்கள் நீக்கியதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே இரண்டு வரி எழுதியிருக்கலாம். நானும் மகாராணி என்று எழுதாமல் இருந்திருக்கலாம். இதோடு அதை விட்டுவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை தளத்தைத் திறந்தேன். அதற்கு முன்னால், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சிக்குப் பக்கத்து அறையில்தான் எக்ஸ்ரே. இந்த ஒன்றரை வருஷமாக, தீக்காயம் என்றோ விஷம் என்றோ ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால், அதிலும் "மதராசி" என்று வார்டு பாய் சொன்னால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பெயரைப் பார்ப்பேன். அவள் டில்லியில்தான் இருக்கிறாள் என்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. இருந்தாலும் போவேன். வேறு பெயராக இருக்கும். "அப்பாடா" என்று திரும்புவேன். அப்புறம், அந்தப் பெண்ணுக்காக ஒரு நிமிஷம்கூட வருத்தப்படாமல் வந்துவிட்டேனே என்று நெஞ்சு அறுக்கும். இப்படி எத்தனை தடவை. போதும் மேடம், எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் திறந்தேன்.

அவளுடைய மெட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீட்டில் டேப்பில் பாடிப் பதிந்து, ஏதோ பிரௌசிங் சென்டரில் ஏற்றியிருக்கிறாள். பின்னால் குக்கர் விசில், குழாயில் தண்ணீர் விழும் சத்தம், இப்படித்தான். அந்த "அலையே" மெட்டை ஹெட்போன் வைத்துக் கேட்டேன். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில், தூரத்தில் ஒரு ஒலிபெருக்கி தமிழில் பேசுகிறது. "காவடி எடுத்து வர்றவங்க இடது பக்கமா வாங்க, பால்குடம் வலது பக்கம்." தெளிவாகக் கேட்கிறது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு குரல் இந்தியில், "காடி ஹடாயியே" என்கிறது. வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள்.

தமிழ் ஒலிபெருக்கி, காவடி, பக்கத்திலேயே இந்தி. அவள் அதை அனுப்பியது தைப்பூசத்துக்கு மறுநாள். எனக்குத் தெரிந்து இது ஆர்.கே.புரத்து முருகன் கோவில், மலை மந்திராகத்தான் இருக்க வேண்டும். அவள் டில்லியில் இருந்தால்? நம்மிருவருக்கும் ஒரு பஸ் தூரத்தில்?

என்னால் போக முடியவில்லை. போகக் கிளம்பி பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பிவிட்டேன். அங்கே போய்க் கேட்டு, "அந்தப் பொண்ணா, அது இறந்துபோச்சே" என்று யாராவது சொன்னால்? நீங்கள் போவீர்களா?

ரெஜின்


ஜனக்புரி,
9 நவம்பர் 2003

ரெஜின்,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவு உயிரோடு இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். மடியில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

இப்போது ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

நேற்று சனிக்கிழமை, பேங்குக்கு லீவு போட்டேன். காலையிலேயே மலை மந்திருக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கிறவரிடம் கேட்டேன், பூக்காரரிடம் கேட்டேன். வடிவு என்ற பெயர் யாருக்கும் தெரியவில்லை. படியில் நின்று முருகனிடம் கொஞ்சம் கோபித்துக்கொண்டேன். பிறகு, ஒலிபெருக்கி அவ்வளவு தெளிவாகக் கேட்கிற வீடு கிட்டத்தில்தானே இருக்க வேண்டும் என்று மலைக்குக் கீழே இருக்கிற கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் வரிசைக்குள் நடந்தேன். ஒரு வேப்ப மரத்தடியில் துணி இஸ்திரி போடுகிறவர் இருந்தார். "பையா, இங்கே பாடுகிற தமிழ்ப் பெண் யாராவது உண்டா?" என்று இந்தியில் கேட்டேன்.

"அச்சா, அந்த கானேவாலி பாபியா?" என்றார் உடனே. "முன்னாடி தினம் பாடுவாங்க. இப்ப பாடறதில்ல. பச்சா பிறந்திருக்கே! மூணாவது மாடி, பச்சைக் கதவு."

மூன்று மாடி எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தவள் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. இடுப்பில் குழந்தை. கணவருக்கு ஒரு அமைச்சக அலுவலகத்தில் டிரைவர் வேலை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம்.

"வடிவுதானே? நான் மாதங்கி. மெட்டுத்தெரு" என்றேன்.

"யாத்தீ!" என்றாள். அப்படியே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். "மாதங்கிக்காவா? நீங்களா? தெரு எப்படி இருக்கு? எல்லாரும் பாடுறாங்களா? நல்லசிவம் ஐயா சௌக்கியமா?"

தெருவை மூடிவிட்டோம், நீ என்ன ஆனாயோ என்று பயந்தோம், என்று ஒருவழியாகச் சொன்னேன். அவள் கண்ணை அகல விரித்தாள்.

"எனக்கு என்ன?"

"போறேன்னு எழுதியிருந்தியே!"

"ஆமா, ஊருக்குப் போறேன்னு எழுதினேன்."

"ஊருக்குன்னு இல்லையே. போகிறேன்னு மட்டும்தான் இருந்தது."

"இருக்காதுக்கா... " என்று யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "டைம் முடிஞ்சிருச்சுன்னு சென்டர்க்காரர் ஜல்தி ஜல்தின்னு எழுப்பிவிட்டாரு. அவசரத்துல பாதியில அனுப்பிட்டேனா? ஐயோ அக்கா!"

அன்றைக்குத்தான் டாக்டர், கர்ப்பம் தங்கியிருக்கிறது என்றும், அசையாமல் படுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை. மூச்சுப் பிடித்துப் பாடக்கூடாது, படி ஏறக்கூடாது. இங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் ஊருக்கு. "இனிமேல் முடியாது" என்றது அதைத்தான். பிள்ளை பெற்று, நோய்நொடி பார்த்து, போன ஜூலையில்தான் திரும்பி வந்திருக்கிறாள். பழைய மின்னஞ்சலை ரொம்ப நாள் திறக்காததால் அந்த முகவரியே போய்விட்டதாம். தெருவின் அஞ்சல் குழுவுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தாளாம். சென்டரில் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார்கள், நம் தமிழ் எழுத்துரு இல்லை. "எல்லாம் கட்டம் கட்டமா தெரிஞ்சுதுக்கா" என்றாள். நாம் எல்லாரும் மாறி மாறித் திட்டிக்கொண்ட அத்தனையும் அவளுக்கு வெறும் கட்டங்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் பத்ரி எழுதிய முதல் அஞ்சலை அவள் படித்திருக்கிறாள். அதை மறைக்கவில்லை. "ஒரு வாரம் அழுதேன். திருடின்னு சொன்னா வலிக்கும்லக்கா. என்னால தொல்லைன்னு அதைத்தான் எழுதினேன்" என்றாள்.

"அந்த மெட்டு உனக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டேன். இந்தத் தடவை அவளிடமே கேட்டேன், ரெஜின்.

"அதுவா? அது நான் போட்டதே இல்லை" என்றாள் சாதாரணமாக. எனக்குத் திக்கென்றது. "இருங்க, பதினோரு மணிக்கு வருவாரு" என்றாள்.

யார் வருவார் என்று புரியாமல் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் ஒரு சைக்கிள். பழைய பேப்பரும் இரும்பும் வாங்குகிற வயசான கபாடிக்காரர். "கபாஆடீ... ரத்தீ பேப்பேஏஏர்..." என்று மேலே ஏறி, நடுவில் ஒரு உலுக்கு உலுக்கி, வளைந்து இறங்கினார். உன் "அலையே அலையே திரும்பாதே" அப்படியே அதில் உட்கார்ந்திருந்தது!

"இதைத்தான்க்கா கொஞ்சம் இழுத்தேன்" என்று வடிவு சிரித்தாள்.

தபாலில் போட்டால் போதும் என்று தோன்றவில்லை, உன் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். நீ டியூட்டியில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அதனால் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

மாதங்கி

குழந்தையின் பெயர் இசைச்செல்வி. கணவர் வைத்த பெயராம். பாடுகிறது, நம் எல்லோரையும்விட உரக்க.


கரோல் பாக்,
11 நவம்பர் 2003

அக்கா,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்று படித்தேன். முதல் வரியைப் படித்ததும் நேரே டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிலிம் கழுவுகிற நேரத்தில் யாரும் கதவைத் தட்டக்கூடாது என்பது எங்கள் சட்டம். அதனால் நிம்மதியாக அழ முடிந்தது. வெளியே வந்தபோது கூட வேலை செய்கிற பிலோமி சிஸ்டர், "என்னா ரெஜின், கண்ணு சிவந்திருக்கு, கெமிக்கலா?" என்று கேட்டார். "ஆமா சிஸ்டர், நல்ல கெமிக்கல்" என்றேன்.

மாலையில் எமர்ஜென்சியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நான் பெயர் பார்க்கப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டபோது போய், கை எலும்புக்குப் படம் எடுத்தேன். "வலிக்குதா பெஹன்ஜி, இதோ முடிஞ்சுது" என்று அவரிடம் பேசிக்கொண்டே எடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நோயாளியை நோயாளியாகப் பார்த்தேன்.

கபாடிக்காரருக்கா அக்கா நான் கடலைப் பற்றி எழுதினேன்! உருகி உருகி எழுதினேனே! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பத்ரி. அவர் மெட்டும் இவள் மெட்டும் ஒன்றாக இருப்பது நிஜம்தானே? அவளிடம் எப்படிக் கேட்டீர்களோ அதேபோல அவரிடமும் கேட்க வேண்டும். நான் கேட்டால் சண்டையாகிவிடும். நீங்கள் கேளுங்கள்.

தளத்தின் கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ரெஜின்


ஜனக்புரி,
2 டிசம்பர் 2003

அன்புள்ள ரெஜின்,

நேற்று போனில் பாதி சொன்னேன், அதற்குள் உன் வீட்டு ஓனரம்மா போனை வாங்கிக்கொண்டார்கள். மீதியை எழுதுகிறேன்.

பத்ரிக்கு எழுதுவதற்கு முன் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். கேள்வியை ஒரே வரியாக அனுப்பினேன்: "உங்கள் மெட்டு எங்கே பிறந்தது?" மறுநாள் புனேயிலிருந்து போன். "இதென்ன கேள்வி மேடம், என் மனசில்தான்" என்றார் கோபமாக. சின்ன வயசில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "அப்பா மத்திய அரசு வேலை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். ஏன்?"

அந்தக் கபாடிக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர் மெதுவாகக் கூவிப் பார்த்தார். "கபாஆடீ..." ஆபீஸில் இருந்தே. யாரோ சிரித்ததுகூடக் கேட்டது.

"சைக்கிள்ல வருவார். எங்கம்மா ஜன்னல்லேர்ந்து கூப்பிடுவா" என்றார். "நானே போட்டேன்னு நெனச்சுண்டிருந்தேன் மேடம். சத்தியமா. எனக்கே தெரியாம காதுல உக்காந்திருக்கு." பிறகு, "நான் அந்தப் பொண்ணைத் திருடின்னு சொல்லிட்டேனே" என்றார். அன்று மாலையே வடிவின் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போன் செய்து அவளிடம் பேசியிருக்கிறார். அவர் என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டேன். "அழுதாருக்கா. நான் பாப்பாவைப் பாடச் சொல்லி போனைக் காதுல வெச்சேன், சரியாயிட்டாரு" என்கிறாள்.

இப்போது பத்ரிதான் நம்மைவிட வேகமாக ஓடுகிறார். தன் செலவில் புது இடம் பிடித்துவிட்டார். பாட்டெல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. கட்டம் கட்டமாகத் தெரியாமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தெரிகிற மாதிரி யூனிகோடுக்கு மாற்றுகிறார். வருஷம் முடிவதற்குள் எல்லாம் வந்துவிடும் என்கிறார்.

தெருவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்தேன். உனக்கு டியூட்டி. "மெட்டுத்தெரு திறந்திருக்கிறது, வடிவு வந்திருக்கிறாள்" என்று பழைய உறுப்பினர் எல்லோருக்கும் ஒரே அஞ்சல். பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. பாதி முகவரிகள் செத்துப்போய், அஞ்சல்கள் திரும்பி வந்தன. ஷங்கர் வந்து, "சாப்பிட வா, யாரும் வரப்போறதில்லை" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தப்பு செய்துவிட்டோம், ஆறிப்போனதைச் சூடு பண்ணிப் பார்க்கிறோம் என்று எழுந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நல்லசிவம் ஐயா! ஒரே ஒரு வரி. "என் வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா, வேறு யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா?" அடுத்து மஸ்கட்டிலிருந்து ஜூலியா. அப்புறம் நமக்குத் தெரியாத யாரோ சுபாஷிணி, டொரண்டோவாம், ஜூலியா சொல்லி வந்தேன் என்கிறாள். நான் திரையைப் பார்த்து, "வாங்கோ, வாங்கோ" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். மகள் ஓடி வந்து யாரம்மா என்று கேட்டாள்.

ஹார்மோனியத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். துருத்தியில் ஒரு கிழிசல். ஒட்டக் கொடுக்க வேண்டும்.

நீ கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறாயாமே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாதங்கி


ஜனக்புரி,
24 டிசம்பர் 2003

அன்புள்ள ரெஜின்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உங்கள் ஊரின் ஒரே பிரௌசிங் சென்டரும் பூட்டிக் கிடக்கிறது என்று போனில் சொன்னாய். அதனால் தெரு நிலவரம் தபாலில். இங்கே பனிமூட்டம், எதிர்வீடு தெரியவில்லை. ரயிலெல்லாம் தாமதம் என்கிறார்கள். இது எப்போது வந்து சேருமோ.

கேள். தெருவில் சண்டை.

வடிவு ஒரு தாலாட்டு மெட்டுப் போட்டாள், தன் குழந்தைக்கு. சுபாஷிணி அதற்கு வரி எழுதினாள். "தூங்கு கண்ணே தூங்கு, தூரம் எல்லாம் தூங்கு" என்று. நல்லசிவம் ஐயா பொங்கிவிட்டார். மெட்டு குறுகி நிற்கிற இடத்தில் "தூ" என்று நெடிலைப் போட்டு நசுக்கலாமா, "உறங்கு" என்று போட்டால் அளவாக உட்காருமே, இதுகூடத் தெரியாமல் ஒரு பாட்டா என்று எழுதினார். சுபாஷிணி சும்மா இருப்பாளா? "குழந்தை இலக்கணம் பார்த்தா தூங்கும்?" என்று திருப்பிக் கொடுத்தாள். ஜூலியா ஒரு பக்கம், பத்ரி மறு பக்கம். காலையில் பேங்குக்குப் போகும்போது பார்த்தேன். அதே பழைய வேகம், அதே சூடு. கவுன்டரில் உட்கார்ந்து இரண்டு காசோலையில் தேதியைத் தப்பாகப் படித்தேன். போயிற்று, மறுபடியும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். நீக்கும் பட்டன் மேல் விரல் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

மாலையில் திறந்தால் சண்டை இன்னும் பெரிதாகியிருந்தது. ஆனால் ஒருத்தரும் போகவில்லை, ரெஜின்! ஐயா திட்டிக்கொண்டே தன் பங்குக்கு ஒரு சரணம் எழுதிப் போட்டிருந்தார். சுபாஷிணி அதைப் பாடிப் பதிந்து, "பாடிப் பார்த்தேன், உங்கள் வரி தொண்டையில் குத்துகிறது" என்று கீழே எழுதியிருந்தாள். வடிவு நடுவில் வந்து, "நான் ரெண்டையும் பாடிப் பாத்தேன். பாப்பா ரெண்டுக்கும் தூங்கல. நீங்க சண்டையைத் தொடருங்க" என்று எழுதியிருக்கிறாள்!

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். தோளில் இத்தனை நாளாக ஒரு இறுக்கம் இருந்திருக்கிறது போலும். அது விட்ட பிறகுதான் இருந்ததே தெரிந்தது.

மாதங்கி


கொல்லங்கோடு,
1 ஜனவரி 2004

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் கடிதம் பனிமூட்டத்தைத் தாண்டி முந்தாநாளே வந்துவிட்டது. காலையில் மாதா கோவிலுக்குப் போய் வந்து, முற்றத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடவுச்சொல், யூனிகோடு எதுவும் அம்மாவுக்குப் புரியவில்லை. தாலாட்டுச் சண்டை வந்ததும் மீன் அரிவதை நிறுத்திவிட்டார்.

"அந்தப் புள்ள தூங்குன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"புள்ள ஒறங்கும் மக்களே. தூங்குகது வவ்வாலுல்லா?" என்று சொல்லிவிட்டு மறுபடி மீனை எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் தூங்குவது என்றால் தொங்குவதுதான் அக்கா. இந்த ஒரு வார்த்தையை வைத்து ஐயா இன்னும் ஒரு மாதம் சண்டை போடுவார். சுபாஷிணி இதற்குப் பதில் சொல்ல டொரண்டோவிலிருந்து விமானம் ஏறினாலும் ஏறுவாள்.

பதினோராம் தேதி டில்லிக்கு வருகிறேன். ஆர்.கே.புரத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்க்க வேண்டும். அம்மா ஒரு பை நிறைய முந்திரிக்கொத்து கட்டிக்கொண்டிருக்கிறார், உங்களுக்கும் உண்டு. கடற்கரையில் நடந்துபோய் ரெண்டு பாட்டுக்கு வரி எழுதிவிட்டேன், எந்த மெட்டுக்கும் இல்லை, சும்மா. வந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் வருவதற்குள் யாராவது சமாதானம் பேசி அந்தச் சண்டையை முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ரெஜின்